நாகூரில் படித்த வெளிச்சம்

நாகூர் தர்காவின் பெரிய மினரா 131 அடி உயரம். தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங் 1757ஆம் ஆண்டு வாக்கில் கட்டிக்கொடுத்தது. பிள்ளை வரம் கேட்டு, அது கிடைத்த நன்றிக்குக் கட்டினார் என்று ஊரில் சொல்கிறார்கள். அதன் அடியில் போய் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் யார் எடுத்தாலும் ஒரே படம்தான் வரும். அடி அகன்று, உச்சி சிறுத்து, பின்பக்கமாகச் சாய்ந்து விழப்போவதுபோல ஒரு தூண். நேரில் அது அப்படியா இருக்கிறது? அடுக்கடுக்காக, நெட்டுக்குத்தாக, உப்புக் காற்றில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கிறது. கண் கண்டதும் கேமரா தந்ததும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்று கேட்கத் தொடங்குகிறவர்தான் புகைப்படம் கற்கத் தொடங்குகிறார். இந்தக் கேள்வியைக் கேட்க நாகூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைச் சுவர், உயர்ந்த மினராக்கள், இருட்டான உள் மண்டபம், குளம், புறா, கூட்டம், கடல் எல்லாம் நடந்தே போய்விடுகிற தூரத்துக்குள் இருக்கின்றன. வெளிச்சத்தின் எல்லாப் பாடமும் அங்கே உண்டு.

இதை எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. ஃபிலிம் காலத்தில் தஞ்சாவூரில் ஸ்டுடியோ நடத்தியவர். செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும், அதோடு வந்த 18-55 லென்சும் வாங்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை என்ன என்று கேட்கவில்லை.

"இத தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையாத மாப்ளே. ஒரே ஊரப் புடி. அங்கயே திரும்பத் திரும்பப் போ. காலையில போ, உச்சி வெயில்ல போ, சாயங்காலம் போ. மொதல்ல நாகூருக்குப் போவோம், நானும் வர்றேன்."

தை மாதம் அது. விடியற்காலை வண்டியில் தஞ்சாவூரில் ஏறினோம். ஏறியதுமே மாமா இடது பக்க சன்னலோரத்தைக் காட்டினார். காரணம் சாலியமங்கலம் தாண்டி வெயில் ஏறிய பிறகு புரிந்தது. வண்டி கிழக்கே போகிறது. தையில் சூரியன் தென்கிழக்கே சாய்ந்து எழும். வலது சன்னலில் உட்கார்ந்தவர்கள் வெயிலை நேரே பார்த்துக் கண் கூசினார்கள். அவர்கள் பக்கத்து மரமெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்து வயலின்மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. பழுத்த சம்பாக் கதிரின் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நிழல். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று ஸ்டேஷன்கள் வர வர, அறுவடை முடிந்த வயலும் முடியாத வயலும் மாறி மாறி வந்தன. அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே கொக்குகள் நடந்தன. தாள் அறுத்த வயலில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஒருவர் போனார்.

ஓடும் வண்டியிலிருந்து எடுக்கும்போது பக்கத்தில் உள்ள கம்பமும் வேலியும் கோடாக இழுபடும். தூரத்து வயல் அசையாமல் நிற்கும். நடுத்தூரத்தைப் பார்த்து, ஷட்டரை ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு வைத்து, சன்னல் கம்பியில் சாயாமல் கையில் பிடித்து எடுக்கச் சொன்னார் மாமா. சாய்ந்தால் வண்டியின் அதிர்வு முழுக்கக் கேமராவில் ஏறிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதற்குள்ளேயே ஷட்டர் என்றால் என்ன என்பது எனக்கு விரல் நுனியில் பிடிபட்டது. அதுவரை படித்த விளக்கங்கள் எதிலும் அது பிடிபடவில்லை.

மாமாவின் காலத்தில் ஃபிலிம் பெட்டியின் உட்புறத்திலோ கூட வரும் தாளிலோ சின்னச் சின்னப் படங்கள் அச்சிட்டிருப்பார்கள். முழுச் சூரியன், பாதி மேகம், முழு மேகம், நிழல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். நல்ல வெயிலில் லென்சின் துளையை 16இல் வைத்து, ஃபிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டரை 125இல் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரை மணல் என்றால் இன்னும் ஒரு படி சுருக்கி 22. ஒளிமானி இல்லாத கேமராவோடு ஒரு தலைமுறையே இந்தக் கணக்கை வைத்துத் தொழில் செய்தது. ஒரு ரோலில் 36 படம். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது ரோல் தீர்ந்துவிடக் கூடாது. எனவே கண்ணாலேயே வெளிச்சத்தை அளந்து, மனசுக்குள் முதலில் படத்தை எடுத்து, பிறகுதான் பொத்தானை அழுத்துவார்கள். இன்றைக்கு நாம் அழுத்திவிட்டுப் பார்க்கிறோம். அவர்கள் பார்த்துவிட்டு அழுத்தினார்கள். தொடக்கக்காரருக்கு இன்றும் இரண்டாவது வழிதான் உதவும் என்பது என் முடிவு. அட்டையில் ஆயிரம் படத்துக்கு இடம் இருந்தாலும் சரி, ஒரு காலைப் பொழுதுக்கு 36 என்று வரம்பு கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கீவளூர், சிக்கல், நாகப்பட்டினம். பிறகு வண்டி வடக்கே திரும்பி நாகூரில் இறக்கிவிட்டது.

தர்காவுக்குப் போகும் தெருவில் ரோஜா, மல்லிகை, ஊதுபத்தி, சர்க்கரைப் பொட்டலம், தலைக்குத் தொப்பி என்று இரண்டு பக்கமும் கடைகள். மாமா ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டேன். அலங்கார வாசல் பக்கம் போனதும், பையில் இருந்த கேமராவை எடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மொதல்ல உள்ள போயி எஜமானப் பாத்துட்டு வருவோம். அப்பறம் எடுக்கலாம்." பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையில் வாழ்ந்து அடங்கிய ஷாகுல் ஹமீது நாயகத்தை ஊர்க்காரர்கள் எஜமான் என்றுதான் சொல்வார்கள். பாத்திஹா ஓதி, மயிலிறகால் தலையில் தடவிவிட்டார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அடக்கத்தலத்துக்குள் கேமராவை எடுக்கவே இல்லை. எடுத்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர் தர்கா நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். கேட்காமல் எடுப்பது எந்த வழிபாட்டிடத்திலும் மரியாதை அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. முதலில் சும்மா ஒரு சுற்று வந்தவருக்கு வெளிச்சம் எங்கே இருக்கிறது, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த வாசலில் நிழல் விழுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. வந்ததும் கேமராவைத் தூக்குகிறவருக்குத் தெரிவதில்லை.

வெளியே வந்ததும்தான் உண்மையான பாடம் தொடங்கியது.

நாகூரின் மினராக்கள் ஐந்து. சாகிபு மினரா, தலைமாட்டு மினரா, முதுபக் மினரா, ஒட்டு மினரா, பெரிய மினரா. ஆண்டு விழாவான கந்தூரிக்கு ஐந்திலும் கொடி ஏறும். ஐந்தும் வெள்ளை. காலை வெயிலில் பளிச்சென்ற வெள்ளை. கேமராவின் திரையிலோ அது அழுக்கேறிய வேட்டியின் நிறத்தில் வந்தது. கேமரா கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான் செய்யும். அதன் ஒளிமானிக்கு எதிரே நிற்பது சுண்ணாம்புச் சுவரா, எருமை மாடா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளவு வைக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. சாதாரணக் காட்சியில் கறுப்பும் வெளுப்பும் கலந்து சராசரி அந்தப் பக்கம் வந்துவிடுவதால் படம் சரியாக அமையும். படத்தின் சட்டம் முழுக்க வெள்ளைச் சுவரே நிறைந்தால், "வெளிச்சம் கூடுதல்" என்று எண்ணிக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகிவிடும்.

இதற்கு மருந்து ஒரு பொத்தான். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. வெள்ளை அதிகம் உள்ள காட்சிக்குக் கூட்டல் பக்கம் ஒன்று வரை நகர்த்த வேண்டும். ஃபோன் என்றால் சுவரைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும். கறுப்பு அதிகம் உள்ள காட்சிக்கு நேர் எதிர். வரும் வழியில் சிக்கல் பக்கம் சேற்றில் படுத்திருந்த எருமையை எடுத்தது வெளிறிப்போனதற்கும் இதுதான் காரணம். அதற்குக் கழித்தல் பக்கம் போயிருக்க வேண்டும். கூட்டலிலும் ஓர் எல்லை உண்டு. மிகவும் கூட்டினால் சுவரின் பூச்சுத் தடம், வெடிப்பு, மாடத்து நிழல் எல்லாம் கரைந்து வெறும் காகிதமாகிவிடும். அடக்கத்தலத்துக்கு மேலே உள்ள தங்கக் கலசத்தில் வெயில் பட்டுத் தெறிக்கும் இடம் முதலில் கரையும். எனவே கூட்டிக்கொண்டே போய், சுவரின் தடம் மறையத் தொடங்குவதற்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க எனக்குக் காலைப் பொழுதில் பாதி போய்விட்டது. மாமா ஒன்றும் சொல்லாமல் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

வானத்தின் கதை வேறு. சுவரைச் சரிசெய்தால் வானம் வெளுத்துவிடுகிறது. வானத்தைச் சரிசெய்தால் சுவர் இருண்டுவிடுகிறது. இந்தத் தொல்லை புகைப்படத்தோடு பிறந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், 1858இல் தஞ்சாவூரைப் படம் எடுத்தார். அவருடைய காகித நெகட்டிவிலிருந்து போடும் பிரிண்டில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் வரைந்து அதைச் சமாளித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 நெகட்டிவாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். பெரிய கோயிலுக்குப் போகும் பலர் விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அவர் அடித்தளத்தை எடுத்தார். எதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டவரின் வேலை அது. அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

எங்களுக்கு வானத்தைச் சமாளிக்க எளிய வழி இருந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்வரை இடம் மாற வேண்டும். அப்போது சுவரும் வானமும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்கும், வானம் நீலமாக விழும். பெரிய மினரா சாய்வதற்கும் இதே நடைதான் மருந்து. கேமராவை அண்ணாக்கும்போதுதான் நேர்க்கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அண்ணாக்காமல் நேராகப் பிடித்தால் சாயாது, ஆனால் உச்சி சட்டத்துக்கு வெளியே போய்விடும். உச்சி உள்ளே வரும்வரை பின்னால் போகவேண்டும். தெருக் கடைசிவரை நடந்து, ஓட்டு வீடுகளின் வரிசைக்கு மேலே மினரா எழும் இடத்துக்கு வந்தோம். திண்ணை, சைக்கிள், மின்கம்பி, அதற்கெல்லாம் மேலே மினரா. அடியில் நின்று எடுத்ததில் கட்டடம் மட்டும் இருந்தது. இதில் ஊரும் வந்தது. எவ்வளவு உயரம் என்பதும் இப்போதுதான் தெரிந்தது, பக்கத்தில் அளந்து பார்க்க வீடுகள் இருந்ததால்.

இந்த மினராக்களின் வடிவம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. இந்தக் கடற்கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. புகைப்படம் எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதாவது, நாகூரின் நினைவைச் சிங்கப்பூரில் கட்டடமாக எழுப்பியவர்கள் கையில் ஒரு படம்கூட இருந்திருக்க முடியாது. கண்ணிலும் மனதிலும் கொண்டுபோனார்கள். அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள். கேமரா வாங்கியவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெயில் ஏறியதும் வெளியே படம் எடுப்பதை நிறுத்திவிட்டோம். உச்சி வெயிலில் முகங்களின் கண்குழி கறுத்துவிடும். அந்த நேரத்துக்கு நிழல்தான் இடம். தகடு விற்கும் கடை ஒன்றின் முன்னால் மாமா நின்றார். நேர்ந்துகொண்டவர்கள் வாங்கிக் காணிக்கையாகச் செலுத்தும் தகடுகள் அவை. கண், கை, கால், தொட்டில், வீடு, படகு என்று உருவம் புடைத்த மெல்லிய தகடுகள். எந்த உறுப்பில் நோயோ அந்த உருவம். எந்தப் படகு கரை திரும்ப வேண்டுமோ அந்தப் படகு. கடைக்காரப் பெரியவரிடம் மாமா, "பாய், என் மருமவன் போட்டோ எடுக்கக் கத்துக்குறான். இந்தத் தகட்ட எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுக்கட்டும். வாங்க தம்பி, உள்ள வாங்க."

மேலிருந்து நேராக எடுத்தால் தகடு வெறும் பளபளப்பாகத்தான் வருகிறது. உருவமே தெரிவதில்லை. பெரியவரே ஒரு தகட்டை எடுத்து, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி சாய்த்துப் பிடித்தார். கண்ணின் இமைக்கோடு, கருவிழி, புருவம் எல்லாம் ஒரேயடியாக எழுந்து நின்றன. "இப்படிப் புடிச்சாத்தான் வாங்க வர்றவங்களுக்கு உருவம் தெரியும் தம்பி" என்றார். பக்கவாட்டு வெளிச்சம் பரப்பின் மேடு பள்ளத்தைக் காட்டும், நேர்வெளிச்சம் மறைக்கும் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் தொழிலிலேயே தெரிந்துவைத்திருந்தார். காலையில் வண்டி சன்னலில் கதிருக்கு நிழல் கொடுத்ததும் இதே வெளிச்சம்தான். மனித முகத்துக்கும் இதே கணக்கு. அவரை அந்த வாசலோரத்திலேயே, கையில் தகட்டோடு உட்காரச் சொல்லி எடுத்தேன். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்ல இறங்கும் நிழல், வெண்தாடியின் ஒவ்வொரு இழையும் தனித்தனி. ஃபோகஸ் எங்கே என்ற கேள்விக்கு மாமா ஒரே விடைதான் வைத்திருக்கிறார்: "கிட்ட இருக்குற கண்ணுல." கிட்டப் போக வேண்டும் என்பதும் அவர் விதி. ஜூம் பண்ணாமல் நடந்து போ என்பார். நடந்து போனால் பேசவேண்டி வரும், பேசினால் முகம் மாறும்.

"எனக்கு ஒரு காப்பி வரணும் தம்பி" என்றார் பெரியவர். கட்டாயம் என்று சொன்னேன்.

தர்காவில் எடுக்கக் கூடாத படங்களும் இருக்கின்றன. மனம் கலங்கியவர்களை, தீராத நோய்க்காரர்களைக் குடும்பத்தார் கூட்டிவந்து நாள்கணக்கில் தங்கவைக்கிறார்கள். கண்ணீரோடு தூணில் சாய்ந்திருக்கும் ஒரு தாயின் முகம் எந்தக் கேமராவுக்கும் வலிமையான படம்தான். ஆனால் அந்தத் தாய் அங்கே வந்தது நமக்காக அல்ல. அவர் நம்மைப் பார்த்துச் சம்மதிக்கிற நிலையில் இல்லாதபோது எடுப்பது களவு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தர்காவின் குளமான ஷிஃபா குண்டாவில் முழுகி எழுகிறவர்களும் அப்படியே. அங்கே நான் நீரில் விழுந்த மினராவின் நிழலை மட்டும் எடுத்தேன். புறாக்களிடம் கேட்க வேண்டியதில்லை. தானியம் இறைக்கும் ஒரு சிறுமியைச் சுற்றி அவை இறங்கி எழுந்தன. அவளுடைய உம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சிறகு உறைந்து நிற்க ஆயிரத்தில் ஒன்றிலும், சிறகு மட்டும் புகையாகக் கலைய முப்பதில் ஒன்றிலும் மாற்றி மாற்றி எடுத்தேன். இரண்டுமே அழகுதான். எது வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் வாடாவும் டீயும். இறால் வைத்துச் சுடும் வாடாவை நாகூரில் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. டீக்கடையில் ஓர் இளைஞர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "எந்தக் கேமரா வாங்கலாம்ண்ணே?" என்று கேட்டார். எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. மாமா சொன்ன விடை ஒரு பெயர்: மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், இந்தியக் காட்டுயிர்ப் படங்களுக்கும் எழுத்துக்கும் முன்னோடி. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டுக்கொண்ட கனத்த கேமராவைச் சுமந்துகொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை எடுத்தார். யானை எப்படி நடக்கும், எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படம் அங்கிருந்து வந்தது.

நம் காலத்திலும் ஆள் இருக்கிறார். மதுரைக்காரரான மு. பழனிகுமார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த ஒரு தாயின் மகன். கையில் கேமரா வந்ததும் மலைக்கோ காட்டுக்கோ ஓடவில்லை. மலக்குழிக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளர்களின் குடும்பங்களிடம் போனார். தன் தாயையே, அவர் மீன் விற்கும் இருட்டு வேளையிலேயே படமாக்கினார். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் எடுக்கும் படங்களில் வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு எட்டாத விஷயம் இருக்கிறது. தங்கள் தெருவை அவர்களுக்குத் தெரியும். அந்த இளைஞருக்கும் அதைத்தான் சொன்னோம். கையில் உள்ள ஃபோனில், உங்கள் தெருவை, உங்கள் வீட்டை முதலில் எடுங்கள்.

சாயங்காலம் சில்லடிக் கடற்கரைக்கும், அங்கிருந்து மீனவர் குடியிருப்பான பட்டினச்சேரிப் பக்கமும் நடந்தோம். ஃபைபர் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. வலை பின்னுகிறவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் எழும், ஊருக்குப் பின்னால் விழும். எனவே மாலையில் இங்கே கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்தால் எல்லாரும் நிழலுருவம். கடலைப் பார்த்து நின்றால் படகும் ஆளும் பொன் வெளிச்சத்தில் நிற்பார்கள்.

இந்த மணலில் நின்று 2004 டிசம்பர் 26ஐப் பேசாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆழிப்பேரலைக்குப் பலியான ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள். அந்த நாட்களில் உலகத்தின் கேமராக்கள் எல்லாம் இந்தக் கரையில் இருந்தன. அவற்றில் ஒரு படம் நிலைத்துவிட்டது. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்க்கோ தத்தா டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படம் என்ற உலக விருதைப் பெற்றது. ஒரு பெண் மணலில் முகம் புதையக் கிடந்து, இரண்டு கைகளையும் விரித்து அழுகிறார். சட்டத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. உடல் இல்லை, கூட்டம் இல்லை, இடிந்த வீடு இல்லை. இறந்தவரின் முகத்தைக் காட்டவே இல்லை. எவ்வளவோ எடுக்க இருந்த இடத்தில் அவர் எவ்வளவு விட்டிருக்கிறார் என்று பாருங்கள். சட்டத்துக்குள் என்ன வேண்டும் என்பதைவிட என்ன வேண்டாம் என்று முடிவெடுப்பது பெரிய வேலை. மூன்றில் ஒரு பங்குக் கோடு, முக்கோண அமைப்பு என்று சொல்லித்தரும் விதிகள் எல்லாம் இந்த ஒரு முடிவுக்குக் கீழேதான் வரும்.

மாமா வேறொன்று சொன்னார். அலை வந்த பிறகு, 2005இன் தொடக்க மாதங்களில், அவர் ஸ்டுடியோவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். வீட்டோடு ஆல்பமும் போய்விட்டவர்கள். கரையை விட்டுத் தள்ளி இருந்த உறவுக்காரர்களின் கல்யாண ஆல்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தை, மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் ஒரு பிள்ளையைக் காட்டி, "இத மட்டும் பெருசு பண்ணித் தாங்க" என்று கேட்டார்கள். நகத்தளவு முகம். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். "அந்தக் கல்யாணத்துல எடுத்தவன் யாரோ. மாப்பிள்ள பொண்ண மட்டும் எடுத்துட்டுப் போயிருந்தான்னா அந்த மொகமும் இல்ல மாப்ளே" என்றார்.

சூரியன் விழுந்து ஒரு இருபது, இருபத்தைந்து நிமிடம் வானம் கருநீலமாக இருக்கும். அப்போது மினரா விளக்கும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வானம் கறுத்துவிடும், விளக்குகள் மட்டும் எரியும். அந்தச் சிறு இடைவெளிக்காகத் தர்காவுக்குத் திரும்பினோம். ஸ்டாண்டு இல்லாததால் ஒரு கடையின் கல்படியில் கேமராவை வைத்து, கை படாமல் இருக்க இரண்டு விநாடி டைமர் போட்டு எடுத்தோம். படங்களில் அதுதான் எல்லாருக்கும் பிடித்தது. எனக்குப் பிடித்தது தகட்டுக் கடைக்காரர்.

அடுத்த முறை போனபோது அந்தப் படத்தை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த தன் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஃபோனில் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது.

புகைப்படம் கற்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நாகூர்தான் என்று இல்லை, போய்வர முடிந்த ஓர் ஊரை, ஒரு தெருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லா வேளையிலும் போங்கள். கேட்டு எடுங்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பிரிண்டுக்கு ஒரு டீ, ஒரு வாடாவுக்கு ஆகும் காசுக்கு மேல் ஆகாது.